செக் இன்ஜின் லைட் அணையவே மாட்டேன் என்கிறதா? பழைய காரில் காரணத்தைத் தேடும் முறை

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் இன்ஜின் படத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ரெண்டே பதில்தான் வரும். "அது எப்பவும் எரியும், கண்டுக்காதீங்க" என்பது ஒன்று. "மூணு சென்சார் மாத்தியாச்சு, இன்னும் எரியுது" என்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை ரெண்டாவது கட்சிக்காரர்களுக்கு. ஸ்கேனரில் (கார் கம்ப்யூட்டரின் பதிவுகளைப் படிக்கும் கருவி) வந்த பெயரைப் பார்த்து அந்தப் பாகத்தை வாங்கி மாட்டி, லைட் ஒரு வாரம் அணைந்து, திரும்ப எரிந்து, அடுத்த பாகத்துக்குக் காசு எடுத்துவைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம். கம்ப்யூட்டர் சேமித்து வைக்கும் எரர் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, கெட்டுப்போன பாகத்தின் பெயர் இல்லை. "நான் எதிர்பார்த்த அளவு ஒன்று, வந்த அளவு வேறு" என்று அது எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான். எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் "கலவையில் பெட்ரோல் குறைவு" என்று சொன்னதற்காக அந்தச் சென்சாரையே கழற்றிப் போடுவது, புகார் கொடுக்க வந்தவனைப் பிடித்து உள்ளே வைப்பது மாதிரி. இதில் சொல்வதெல்லாம் இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் கார்களுக்கு. டீசல் தனிக் கதை.

முதலில் லைட்டையே கவனியுங்கள்

நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? மின்னினால் சிலிண்டரில் கடுமையான மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) நடக்கிறது, எரியாத பெட்ரோல் நேராகச் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துவதுதான் சரி. நிலையாக எரிந்தால், வண்டி சாதாரணமாக ஓடுகிற வரை, பதறாமல் தேடலாம். சிவப்பு ஆயில் லைட்டும் சூடு காட்டும் லைட்டும் வேறு சமாச்சாரம், அவை எரிந்தால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும்.

இன்னொன்று: சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், இந்த லைட் கட்டாயம் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது யாரோ வேண்டுமென்றே பிடுங்கிவிட்டார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

குறியீட்டைப் படிப்பது, அழிப்பதற்கு முன்னால்

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 வாக்கிலும் ஓபிடி-2 முறை (கோளாறுகளைக் கம்ப்யூட்டர் பதிவு செய்து ஸ்கேனருக்குச் சொல்லும் பொது ஏற்பாடு) கட்டாயமானது. அந்த வகை வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கத்தில், 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதற்கும் முந்தைய கார்களில் பெரும்பாலும் இந்த ஸ்கேனர் வேலைக்கு ஆகாது. பலவற்றில், பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் ரெண்டு முனைகளை ஒயரால் இணைத்து, லைட் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ண வேண்டும். டொயோட்டா வண்டிகளில் டிஇ1, இ1 என்ற முனைகள். எந்த முனை என்பதை வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான முனையை இணைத்தால் கம்ப்யூட்டருக்கே ஆபத்து.

ஸ்கேனரைச் செருகியும் அதில் உயிரே இல்லையா? சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு பேட்டரி மின்சாரம் வர வேண்டும், 4-ம் 5-ம் எர்த். நிறைய வண்டிகளில் அந்த 16-ஆம் பின்னுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ்தான், ஏதோ சார்ஜரைச் செருகியபோது அது எரிந்துபோயிருக்கும்.

ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால் குறியீட்டை மட்டும் காட்டுவது போதாது. ஓடும்போது சென்சார் அளவுகளை நேரடியாகக் காட்டும் லைவ் டேட்டா வேண்டும். போனோடு ப்ளூடூத்தில் சேரும் சின்ன அடாப்டர்களே பெரும்பாலும் போதும்.

இனி முக்கியமான கட்டம், பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். ஸ்கேனரைப் போட்டதும் 'அழி' பட்டனைத் தட்டாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது திரையைப் படம் எடுங்கள். உறுதியான குறியீடுகள், இன்னும் உறுதியாகாமல் 'பெண்டிங்' என்று நிற்பவை, அப்புறம் ஃப்ரீஸ் ஃப்ரேம். இந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது கோளாறு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, இன்ஜின் மேல் சுமை எவ்வளவு என்று எடுத்து வைத்த பதிவு. கூலன்ட் 35 டிகிரி, வேகம் பூஜ்யம் என்று இருந்தால் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த கையோடு வந்த கோளாறு. 90 டிகிரி, நெடுஞ்சாலை வேகம், சுமை அதிகம் என்றால் தேட வேண்டிய இடமே வேறு. அழித்துவிட்டால் இந்தத் துப்பு போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் அதே கதிதான்.

குறியீட்டை எப்படிப் படிப்பது என்றும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். 'பி' என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது, 1 வந்தால் அந்தக் கம்பெனிக்கே உரியது, அதற்குப் பொதுப் பட்டியலில் பொருள் தேடினால் தப்பான பதில் கிடைக்கும். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 என்றால் காற்று-எரிபொருள், 3 என்றால் மிஸ்ஃபயர், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 7 என்றால் கியர்பாக்ஸ். குறியீட்டின் விளக்கத்தில் 'சர்க்யூட்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் சந்தேகம் ஒயர், கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்), ஃபியூஸ் மேல் போக வேண்டும், பாகத்தின் மேல் அல்ல.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்திருந்தால் நாலைந்து பாகங்கள் கெட்டுப்போய்விட்டன என்று நினைக்காதீர்கள். அவற்றுக்குப் பொதுவானது எது என்று பாருங்கள். ஒரே ஃபியூஸ், ஒரே எர்த், அல்லது பல சென்சார்களுக்குக் கம்ப்யூட்டர் அனுப்பும் அந்த 5 வோல்ட். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் போதும், அந்த 5 வோல்ட் படுத்து, கூட இருக்கும் எல்லாச் சென்சார்களும் உளறும். ஒவ்வொன்றாகக் கப்ளரைப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள்.

பேட்டரியும் எர்த்தும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். இன்ஜின் அணைந்து ஓய்ந்த நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. ஓடும்போது 12 சொச்சத்தில் நின்றால் ஆல்டர்நேட்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், மற்ற குறியீடுகள் அப்புறம். இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் எர்த் ஒயரின் முனை துருப்பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். பதினைந்து வயசு தாண்டிய வண்டியில் இந்த ஒரு வேலையே சில மர்மக் குறியீடுகளை முடித்துவைக்கும்.

கூடவே பானெட்டைத் திறந்து கண்ணால் ஒரு சுற்று: வெடித்த ரப்பர் குழாய், கழன்ற கிளிப், எலி கடித்த ஒயர், ஆயில் ஊறிய கப்ளர். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் போகும், அதன் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். மேலே பார்க்க நன்றாக இருக்கும், விரித்தால்தான் அடிப்பக்கத்துக் கிழிசல் வாயைத் திறக்கும்.

ஃப்யூவல் ட்ரிம்: இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பி0171 என்பது பழைய கார்களில் அடிக்கடி வரும் விருந்தாளி. கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று ரெண்டு ஃப்யூவல் ட்ரிம் வரும். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ரெண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் பத்து, கழித்தல் பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. கூட்டல் 20, 25 என்று போனால் இன்ஜினுக்குக் கணக்கில் வராத காற்று வருகிறது, அல்லது கேட்ட பெட்ரோல் வந்து சேரவில்லை. கழித்தலில் அவ்வளவு போனால் கதை தலைகீழ்: இன்ஜெக்டர் ஒழுகுகிறது, பிரஷர் அதிகம், அல்லது டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி நின்று ஆவியை எப்போதும் உள்ளே விடுகிறது.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிஷம் பிடித்து மறுபடி குறியுங்கள். ஐட்லிங்கில் கூட்டல் 22, ரேஸ் செய்யும்போது 5-க்கு இறங்குகிறது என்றால் வேக்யூம் லீக், அதாவது ஏதோ ஓட்டை வழியே கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஓட்டையின் அளவு மாறுவதில்லை. ஐட்லிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அங்கே அது பெரிய பங்கு, ரேஸ் செய்யும்போது சின்னப் பங்கு. இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகமும் சுமையும் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அல்லது அழுக்குப் படிந்த காற்று அளவுச் சென்சார். மேடு ஏறும்போது பிக்கப் இல்லாமல் இழுக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள்.

காற்று அளவுச் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், பிரஷ் வேண்டவே வேண்டாம். முடி மாதிரி ஒரு கம்பி, தொட்டால் போச்சு.

வேக்யூம் லீக்கைத் தேடப் பலர் ஓடும் இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், எனக்கு அந்த முறை பிடிக்காது. ஸ்கேனரில் ஷார்ட் டெர்ம் ட்ரிம்மைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் பாகம்) கிளம்பும் ரப்பர் குழாய்களைத் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இழுப்பது), பர்ஜ் குழாய். ஒன்றை அழுத்தியதும் 18-ல் நின்ற எண் சரசரவென்று 4-க்கு இறங்கினால் அந்தக் குழாயோ அது போய்ச் சேரும் இடமோதான் ஓட்டை. எதிலும் இறங்கவில்லை என்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் மேல் சந்தேகம் போகும். அதற்கு உள்ளே புகையை விட்டு ஓட்டையைக் காட்டும் புகை டெஸ்ட் செய்யும் மெக்கானிக்கிடம் போவது மேல்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில வண்டிகளில் காற்றை நேராக அளக்கும் சென்சார் கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும். அவற்றில் ஓட்டை வழியே வரும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் ட்ரிம் பெரிதாக மாறாது, ஐட்லிங் ஆர்பிஎம் மட்டும் ஏறி நிற்கும். இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது: முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் வெடித்திருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை சரியாக இருந்தும் லீன் என்று காட்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் அங்கே பாருங்கள்.

மிஸ்ஃபயர்

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர், பி0300 என்றால் எந்த ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் பரவலாக. தனிச் சிலிண்டர் என்றால் அதிர்ஷ்டம், காசு செலவில்லாமல் சோதிக்கலாம். மூன்றாவதின் இக்னிஷன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போடுங்கள், ஒன்றாவதினுடையது மூன்றாவதுக்கு. குறியீட்டை அழித்து ஓட்டுங்கள். பி0301 ஆக மாறினால் காயில்தான். மாறவில்லை என்றால் அதேபோல ஸ்பார்க் பிளக்கை இடம் மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டரை. காயிலை உருவும்போது அதன் ரப்பர் உறையில் ஆயில் ஒட்டியிருந்தால் வால்வு கவர் சீல் ஒழுகுகிறது. அதைச் சரி செய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும்.

எதை மாற்றினாலும் கோளாறு அதே சிலிண்டரிலேயே உட்கார்ந்திருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு அளக்க வேண்டும். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா? வால்வு, அல்லது ஹெட் கேஸ்கெட்.

பி0420, எல்லோரையும் பயமுறுத்தும் எண்

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று பொருள். விலை கூடிய பாகம் என்பதால் உடனே மாற்றச் சொல்வார்கள். நிதானியுங்கள். இன்ஜினைச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து, ரெண்டு ஆக்சிஜன் சென்சார்களின் வோல்டேஜையும் வரைபடமாகப் பாருங்கள். சாதாரண வகை முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் (சில வண்டிகளில் முன்னால் இருப்பது ஏர்-ஃப்யூவல் சென்சார், அது இப்படி ஆடாது). கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். அதுவும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. நேர்கோடாக இருந்தும் குறியீடு வந்தால் எக்ஸாஸ்ட் லீக்கையும் பின் சென்சாரின் ஒயரையும் பாருங்கள்.

கன்வெர்ட்டர் போய்விட்டது என்றே முடிவானாலும், ஏன் போனது என்று கேட்காமல் புதிதை மாட்டாதீர்கள். நாள்பட்ட மிஸ்ஃபயர், ரிச் கலவை (பெட்ரோல் அதிகம்), ஆயில் குடிக்கும் இன்ஜின், எரிஅறைக்குள் கசியும் கூலன்ட், இந்த நாலில் ஒன்று இருந்தால் புதிதும் அதே வழியில் போகும். பின் சென்சாருக்கு அடியில் நீட்டுக் குழாய் வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் வித்தைகள் உண்டு. லைட் அணையும், புகை அப்படியேதான் இருக்கும், பல ஊர்களில் அது சட்டவிரோதமும்கூட.

மீதிச் சில்லறைகள்

பி0442, பி0455 போன்றவை பெட்ரோல் ஆவி கசிவதைச் சொல்பவை. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், பிறகு பர்ஜ் வால்வு. அதைக் கழற்றி, மின்சாரம் இல்லாத நிலையில் வாயால் ஊதினால் (சுத்தமான குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் வைத்து) காற்று போகக்கூடாது. பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் கிட்டத்தட்ட இந்த வால்வுதான்.

பி0128, அதாவது இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவில்லை என்பது, பெரும்பாலும் திறந்தபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு). கூலன்ட் அளவு குறைந்தாலும் இதே குறியீடு வரலாம், அதை முதலில் பாருங்கள், ஆனால் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். நகரத்தில் 85 டிகிரியில் நின்ற கூலன்ட் நெடுஞ்சாலையில் 65-க்கு இறங்கினால் சந்தேகமே இல்லை.

வெப்பநிலைச் சென்சார் குறியீடு என்றால் ஒரு அழகான சோதனை இருக்கிறது. லைவ் டேட்டாவில் கழித்தல் 40 டிகிரி என்று காட்டுகிறதா? சர்க்யூட் அறுந்திருக்கிறது. சென்சார் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து ரெண்டு முனைகளைச் சின்ன ஒயரால் சேர்த்தால் அளவு ஒரேயடியாக உச்சத்துக்குத் தாவ வேண்டும். தாவினால் ஒயரும் கம்ப்யூட்டரும் நலம், சென்சாரை மாற்றலாம். தாவவில்லை என்றால் சென்சார் வாங்கும் காசு மிச்சம், ஒயரைத் தேடுங்கள். ரெண்டு ஒயர் உள்ள வெப்பநிலைச் சென்சாருக்கு மட்டும்தான் இது, மற்றவற்றில் முயலாதீர்கள்.

எப்போதாவது வந்து போகும் கோளாறுக்கு, ஐட்லிங்கில் விட்டு, லைவ் டேட்டாவில் வரும் அளவைப் பார்த்தபடி ஒயர் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கை தள்ளியே இருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சரி செய்த பிறகு

இப்போது குறியீட்டை அழிக்கலாம். அழிக்காமல் விட்டாலும், கோளாறு நிஜமாகவே போயிருந்தால், பொதுவாக மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து சுத்தமாக முடிந்ததும் லைட் தானே அணையும், நினைவில் உள்ள குறியீடு 40 முறை சூடேறி ஆறிய பிறகு மறையும். அழித்தால் மானிட்டர்கள் (கம்ப்யூட்டர் தானே செய்துபார்க்கும் பரிசோதனைகள்) எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். அவை முடியும் வரை "லைட் எரியவில்லை" என்பதற்கு அர்த்தமே இல்லை, கம்ப்யூட்டர் இன்னும் பரிசோதிக்கவே ஆரம்பிக்கவில்லை. புகைச் சோதனைக்கு முந்தைய நாள் அழித்துவிட்டுப் போனால் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். கேட்டலிட்டிக், ஆவி மானிட்டர்கள் முடியக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆவிச் சோதனைக்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிரம்பியும் இருக்கக்கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது, பாதி அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாமல் மெக்கானிக்கிடம் போவதாக இருந்தால், ஃப்ரீஸ் ஃப்ரேம் படம், ஐட்லிங்கிலும் 2500-லும் எடுத்த ட்ரிம் எண்கள், எதை எங்கே மாற்றிப் பார்த்தீர்கள் என்ற குறிப்பு, மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். "லைட் எரியுது, பாருங்க" என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.